ஒளிரும் அக்ரிலிக்கில் சிற்பம்: ஷீட்டுக்கு முன் விளக்கைத் தேர்ந்தெடுங்கள்

கடை வாசலில் பகல் வெளிச்சத்தில் நிமிர்த்திப் பிடித்தால், பச்சை ஃப்ளோரசன்ட் அக்ரிலிக் ஷீட்டின் விளிம்பு உள்ளே கரண்ட் ஓடுவதுபோல எரியும். அதே ஷீட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் எல்இடி பல்புக்குக் கீழே வைத்தால் வெறும் பச்சை பிளாஸ்டிக். ஷீட்டில் கோளாறு ஒன்றும் இல்லை. அது தானாக எரிகிற பொருள் அல்ல. புற ஊதாவையும் ஊதாவையும் நீலத்தையும் விழுங்கிப் பச்சையாகத் திருப்பித் தருகிற பொருள். 2700 கெல்வின் பல்பில் அந்தத் தீனி மிகக் குறைவு.

இந்த வகைச் சிற்பம் செய்ய இறங்குபவர்களில் பலர் நிறத்தில் மயங்கி ஷீட் வாங்கி, வெட்டி, ஒட்டி முடித்த பிறகு விளக்கைத் தேடுகிறார்கள். வரிசை தலைகீழ். சிற்பம் எந்த ஒளியில் நிற்கப்போகிறது என்பது முடிவானால் நிறம், தடிமன், விளிம்பு வேலை, ஒட்டும் முறை நான்கும் ஏறக்குறையத் தாமாகவே முடிவாகிவிடும். இந்த ஒப்பீடும் அந்த வரிசையில்தான் போகிறது.

ஷீட்டுக்குள் நடப்பது

அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, மாறுநிலைக் கோணம் சுமார் 42 டிகிரி; அதைவிடச் சரிவாக உட்பக்கத்திலிருந்து முகத்தில் மோதும் ஒளி வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்பும், இதுதான் முழு அக எதிரொளிப்பு. உள்ளே கலந்திருக்கும் சாய மூலக்கூறு எல்லாத் திசையிலும் ஒளியை வீசுகிறது. அதில் 26 சதவீதம் மட்டுமே முன்முகம், பின்முகம் வழியே தப்புகிறது. மீதி 74 சதவீதம் அந்த எதிரொளிப்பில் சிக்கி விளிம்பை நோக்கி ஓடுகிறது. 30 செ.மீ. சதுரமும் 5 மி.மீ. தடிமனும் உள்ள ஷீட்டில் ஒளியை வாங்கும் முகம் 900 சதுர செ.மீ.; நான்கு விளிம்புகளும் சேர்த்து 60 சதுர செ.மீ. பதினைந்து மடங்கு பரப்பில் வாங்கியதை ஒரு மடங்கில் வெளியேற்றுவதால்தான் விளிம்பு எரிகிறது. 1970களில் சூரிய மின்கலத்தின் மேல் ஒளியைக் குவிக்க ஆராயப்பட்டதும் இதே வழிதான். ஜெர்மனியின் பாயர் நிறுவனம் கொண்டுவந்த 'லிசா' பிளாஸ்டிக்கின் பெயரே 'ஒளி சேகரிக்கும்' என்ற ஜெர்மன் சொல்லின் சுருக்கம்.

இதைக் கலையாக்கியவர்களில் முதலில் பார்க்க வேண்டியது கொலோன் நகரில் பணியாற்றும் ரெகினே ஷூமானை. 1961இல் பிறந்தவர். ஒளிரும் அக்ரிலிக் தகடுகளைப் பெட்டிகளாகவும் அடுக்குகளாகவும் அமைக்கிறார். ஒரே படைப்பு பகலில் மென்மையான நிறக் கண்ணாடியாகவும் பிளாக் லைட் எனப்படும் புற ஊதா விளக்கில் கனன்று எரியும் பிழம்பாகவும் இரண்டு உயிர் வாழ்கிறது. அந்த இரட்டை வாழ்வு உங்களுக்கும் வேண்டுமா, ஒன்று போதுமா என்பதுதான் முதல் கேள்வி.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. 'நியான் ஷீட்' என்று கடையில் தருவதில் இரண்டு வகை கலந்திருக்கும். ஒன்று ஊடுருவிப் பார்க்கக்கூடியது, விளிம்பு எரிவது. மற்றொன்று வெளிச்சம் ஊடுருவாத, முகம் மட்டும் பளிச்சிடும் பலகை. அதில் விளிம்பு எரியாது. ஷீட்டைக் கண்ணுக்கு நேராகக் கிடத்தி விளிம்பைப் பாருங்கள். முகத்தைவிட விளிம்பு பல மடங்கு பிரகாசமாக இருக்க வேண்டும். கள்ள நோட்டு பார்க்கும் ஊதா டார்ச்சைச் சட்டைப்பையில் கொண்டுபோனால் இன்னும் நல்லது. ஷீட்டின் நடுவில் அடித்தால் தொலைவில் உள்ள விளிம்பு பதில் சொல்ல வேண்டும்.

மூன்று ஒளிகள்

முதலாவது பகல் ஒளியும் குளிர் வெள்ளை எல்இடியும். பகல் ஒளியில் எல்லா நிறங்களுக்கும் தீனி இருக்கிறது, மின்செலவு இல்லை. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில், நேர் வெயில் படாத இடத்தில் வைத்த சிற்பம் காலை முதல் மாலை வரை தன் போக்கில் மாறிக்கொண்டே இருக்கும். விளிம்புக் கோடுகள் எரியும், முகங்கள் கண்ணாடியாக இருக்கும், பின்சுவரில் நிறநிழல் விழும். மூன்றில் இதுவே நுட்பமான அழகு என்பது எங்கள் கட்சி. பலவீனம் வெளிப்படையானது: பொழுது சாய்ந்தால் சிற்பமும் சாய்ந்துவிடும். இரவுக்கும் வேண்டுமென்றால் 6500 கெல்வின் வெள்ளை எல்இடி ஸ்பாட் போடுங்கள். வெள்ளை எல்இடியின் அடிப்படையே 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய நீல எல்இடிதான். 6500 கெல்வினில் அந்த நீலம் நிறையவே வெளிவரும், 2700இல் மேல்பூச்சு அதைப் பெரும்பாலும் மஞ்சளாக்கிவிடும். ஆனால் நீல ஃப்ளோரசன்ட் ஷீட்டுக்கு எந்த வெள்ளை எல்இடியும் உதவாது. அதன் சாயம் 400 நானோமீட்டருக்குக் கீழேதான் நன்றாக உறிஞ்சும். அந்தப் பகுதி வெள்ளை எல்இடியில் அநேகமாக இல்லை.

இரண்டாவது பிளாக் லைட், அதாவது புற ஊதா. இருட்டறையில் இதற்கு ஈடு கிடையாது. விளிம்பு மட்டுமல்ல, முகம் முழுவதும் சீராகக் கனலும், நீலமும் எரியும். தொல்லைகளும் இங்கேதான் அதிகம்.

கடையில் 'யுவி எல்இடி ஸ்ட்ரிப்' என்று மலிவாகக் கிடைப்பது அநேகமாக 395 முதல் 405 நானோமீட்டர் வரை. அதன் ஒரு பகுதி கண்ணுக்குத் தெரியும் ஊதா. வெள்ளைச் சுவர் முழுக்க ஊதா படர்ந்து சிற்பத்தின் நிறங்களைக் கரைத்துவிடும். 365 நானோமீட்டர் எல்இடியில் இந்தப் படர்வு மிகக் குறைவு. கறுப்பாகத் தோன்றும் வடிகட்டிக் கண்ணாடியும் இருந்தால் ஏறக்குறைய இல்லை. விலை கூட. சுவரைக் கறுப்பாகவோ அடர்சாம்பலாகவோ பூச முடியுமானால் 395 போதும். வெள்ளைச் சுவர்தான் என்றால் 365க்குச் செலவழியுங்கள்.

டியூப் லைட் வடிவில் வாங்கினால் கண்ணாடியே கருநீலமாக இருக்கும் வகையைக் கேளுங்கள். பூச்சிப் பொறியில் போடும் வெளிறிய டியூபும் ஏறக்குறைய அதே புற ஊதாவைத்தான் தருகிறது. ஆனால் வடிகட்டி இல்லாததால் வெளிர்நீல வெளிச்சமும் சேர்ந்து வரும். முற்றிலும் தெளிந்த கண்ணாடியில் வரும் கிருமிநாசினி டியூபை மட்டும் எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள். அது 254 நானோமீட்டர். சில நிமிடங்களிலேயே கண்ணையும் தோலையும் எரித்துவிடும். மூன்றையும் 'யுவி டியூப்' என்ற ஒரே பெயரில் விற்பவர்கள் உண்டு.

60 செ.மீ. சதுரச் சுவர்ச் சிற்பத்துக்கு இரண்டடி நீள 18 வாட் பிளாக் லைட் டியூப் இரண்டை ஒரு மீட்டர் தள்ளி, மேலிருந்து சரிவாக வைத்துத் தொடங்கலாம். 365 நானோமீட்டர் விளக்கை எப்போதும் பார்வைக்கு மேலே, தடுப்புத் தகட்டுக்குப் பின்னால் மறைத்து வையுங்கள். அந்த ஒளி கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் கண்மணி சுருங்குவதில்லை. ஆள் கூசாமல் உற்றுப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

பிளாக் லைட்டில் இன்னொரு சங்கடம் தூசி. துணிசோப்பில் உள்ள வெண்மையூட்டி காரணமாகப் பருத்தி நூல் ஒவ்வொன்றும் நீலவெள்ளையாக மின்னும். பகலில் சுத்தமாகத் தெரிந்த ஷீட் இரவில் பஞ்சுப் பொட்டலமாகத் தெரியும். மாட்டுவதற்கு முன் இருட்டில் யுவி டார்ச் அடித்துப் பார்த்து, மைக்ரோஃபைபர் துணியை ஈரமாக்கித் துடையுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்னேற்றம் கூடி, துடைக்கத் துடைக்கத் தூசி வந்து ஒட்டும்.

மூன்றாவது வழி, அடிப்பீடத்தில் மறைத்த நீல எல்இடி. 450 முதல் 460 நானோமீட்டர் வரை உள்ள சாதாரண நீல ஸ்ட்ரிப் போதும். புற ஊதா தேவையில்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு மூன்றும் இதை ஆவலாக விழுங்கும். சிவப்பு சற்றுச் சோம்பல்: பெரிலீன் வகைச் சிவப்புச் சாயங்களில் பேர்பெற்ற, பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் லூமோஜென் எஃப் ரெட் 305க்கு உறிஞ்சல் உச்சம் 578 நானோமீட்டர், உமிழ்வு 613. அந்த மாதிரிச் சிவப்புக்கு 525 நானோமீட்டர் பச்சை எல்இடியையும் சேர்த்தால் தூக்கிக் கொடுக்கும். நீல ஷீட் இங்கேயும் எரியாது. ஊடே போகும் நீல ஒளியைப் பார்த்து எரிகிறது என்று நினைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

இந்த முறையில் சறுக்கும் இடம் தூரம். கீழ் விளிம்பில் புகும் நீலம் மேலே போகப் போகப் படிப்படியாக விழுங்கப்படுகிறது. சாயம் அடர்ந்த ஷீட்டில் முதல் சில செ.மீ. கொழுந்துவிட்டு எரியும், மேல்முகம் மங்கிக் கிடக்கும், மேல் விளிம்பு மட்டும் கீழிருந்து கடத்தி வந்த ஒளியில் எரியும். சாயம் மிகக் குறைவாக இருந்தாலோ நீலமே மேல் விளிம்பு வழியாக வெளியேறிப் பச்சையோடு கலந்து விளிம்பு கடல்நிறமாகும். 30–40 செ.மீ. உயரத்துக்கு மேல் இந்த வழியை நம்பாதீர்கள். உயரம் வேண்டுமென்றால் இரு முனைகளிலும் ஸ்ட்ரிப் வையுங்கள்.

வழக்கமான ஸ்ட்ரிப்பின் அகலம் 8 மி.மீ. அதற்கு மேல் 5 மி.மீ. ஷீட்டை நிறுத்தினால் மீதி நீலம் இருபுறமும் கசிந்து பார்ப்பவர் கண்ணில் அடிக்கும். 8 அல்லது 10 மி.மீ. ஷீட் எடுங்கள், அல்லது இருபுறமும் கறுப்புத் தடுப்பு வையுங்கள். மீட்டருக்கு 60 எல்இடி உள்ளதில் கீழ்ப்பகுதியில் புள்ளி புள்ளியாகத் தெரியும். 120 உள்ளதை வாங்குங்கள். ஸ்ட்ரிப்பை அலுமினிய சேனலில் ஒட்டி, ஷீட்டுக்கும் எல்இடிக்கும் இடையே 1–2 மி.மீ. விடுங்கள். அக்ரிலிக் 70–80 டிகிரிக்கு மேல் நம்பிக்கையில்லாத பொருள். சேனல் இல்லாமல் மரப்பள்ளத்தில் அடைத்த ஸ்ட்ரிப் தன்னையும் கெடுத்து விளிம்பையும் வளைத்துவிடும். மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும் ஸ்ட்ரிப்பில் இரண்டு மீட்டர் ஓட்டினால் 29 வாட். அதற்கு 36 வாட் அடாப்டர் சரி, 30 வாட் அடாப்டர் சூடேறிச் சாகும்.

வரவேற்பறை மாதிரி எப்போதும் ஏதோ ஒரு வெளிச்சம் இருக்கும் இடத்துக்குப் பகலொளியோடு 6500 கெல்வின் ஸ்பாட்டே பொருத்தம். தனியாக இருட்டாக்கக்கூடிய அறை இருந்தால் மட்டுமே பிளாக் லைட். மேசைமேல் நிற்கும் சிறு துண்டுக்கு நீல எல்இடிதான் சரி. அறை விளக்கு எரிந்தாலும் அதன் விளிம்பு தோற்காது.

நிறங்களை அடுக்கும் வரிசை

ஒரே ஷீட்டில் நிறுத்தாமல் அடுக்கப்போகிறீர்கள் என்றால் வரிசை உயிர்நாடி. ஃப்ளோரசன்ஸ் மேலிருந்து கீழே மட்டும் ஓடும் தண்ணீர்: நீலம் பச்சையாகலாம், பச்சை சிவப்பாகலாம், சிவப்பு ஒருநாளும் பச்சையாகாது. பார்வையாளருக்கு முன்னால் சிவப்பும் பின்னால் பச்சையும் வைத்தால், முன்னாலிருந்து வரும் நீலத்தைச் சிவப்பு ஷீட் கணிசமாக எடுத்துக்கொள்ளும். பச்சைக்குத் தீனி குறையும். அது உமிழும் கொஞ்சநஞ்சப் பச்சையையும் சிவப்பு ஷீட் விழுங்கித் தன் நிறமாக்கும். இரண்டு ஷீட்டுக்குக் காசு கொடுத்து ஒன்றைப் பார்ப்பீர்கள்.

முன்னிருந்து பின்னாக நீலம், பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று போனால் ஒவ்வொன்றும் தன் பங்கை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைப் பின்னால் விடும். பின்னால் பிறக்கும் சிவப்பை முன்னால் உள்ள பச்சையோ நீலமோ தடுப்பதில்லை. வேண்டுமென்றே விதியை மீறலாம்தான்: சிவப்பு முன்னால், அதைவிடச் சிறிய பச்சை பின்னால் என்று வைத்தால், ஒன்றன்மேல் ஒன்று படியும் பகுதி இருண்ட சாளரமாகும். தெரிந்து செய்தால் அது உத்தி.

ஷீட்டுகளை முகத்தோடு முகம் ஒட்டிச் சாத்தாதீர்கள். இடையில் வானவில் வளையங்கள் தெரியும். ஈரம் புகுந்தால் கறை நிற்கும். குறைந்தது 3 மி.மீ. இடைவெளி, 15 மி.மீ. விட்டால் நிழல்களும் விளையாடும். பின்னால் கண்ணாடி வைத்தாலும் காற்றிடைவெளி கட்டாயம். முகத்தில் எதை ஒட்டினாலும், அது டேப்போ பெயின்ட்டோ ஸ்டிக்கரோ, அந்த இடத்தில் முழு அக எதிரொளிப்பு உடைந்து ஒளி கசியும் அல்லது செத்துப்போகும். இரட்டைப் பக்க டேப்பால் சுவரில் ஒட்டிய ஒளிரும் ஷீட்டில் டேப்பின் வடிவம் அப்படியே தெரியும். இதே காரணத்தால்தான் கீறலும் ஒளிர்கிறது. அதைக் கோடு வரையும் கருவியாக்கலாம்: லேசரில் முகத்தின் மேல் மெல்லச் செதுக்கிய கோடு, விளிம்பைப் போலவே எரியும்.

பெரிய அளவுக்குப் போகிறவர்கள் ஒன்றை எதிர்பார்த்திருக்க வேண்டும். சாயம் தான் உமிழ்ந்ததையே வழியில் மறுபடி கொஞ்சம் விழுங்கும். முதலில் போவது நீலப்பக்கம் சாய்ந்த பகுதி. அதனால் ஒரே ஷீட்டிலிருந்து வெட்டிய 10 செ.மீ. துண்டின் விளிம்பு பசும்பச்சையாகவும் 1 மீட்டர் துண்டின் விளிம்பு மஞ்சள் சாய்ந்த பச்சையாகவும் இருக்கும். மாதிரித் துண்டைக் காட்டி ஒப்புதல் வாங்கிவிட்டுப் பெரிதாகச் செய்து மாட்டும்போது 'நிறம் மாறிவிட்டதே' என்ற பேச்சு வருவது இதனால்தான்.

காஸ்ட் ஷீட்டா, எக்ஸ்ட்ரூடட் ஷீட்டா

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம்: காஸ்ட், அதாவது அச்சில் வார்த்தது. ஜெர்மன் அக்ரிலிக் பிராண்டான பிளெக்ஸிகிளாஸில் ஜிஎஸ் என்றால் வார்த்தது, எக்ஸ்டி என்றால் எக்ஸ்ட்ரூடட், அதாவது உருக்கித் துவாரம் வழியே பிதுக்கியது. எக்ஸ்ட்ரூடட் ஷீட் உருவாகும்போதே உள்ளழுத்தத்தோடு பிறக்கிறது. லேசரில் வெட்டினால் கீழ்ப்புறம் பிசிறு நிற்கும், பசை பட்டதும் மயிரிழை வெடிப்புகள் ஓடும். சாதாரணப் பெயர்ப்பலகையில் அந்த வெடிப்பு கண்ணில் படாமல் போகலாம். ஒளிரும் விளிம்பில் அது நெருப்புக் கோடாகத் தெரியும்.

காஸ்ட் ஷீட்டின் ஒரே குறை தடிமன் சீரின்மை. சர்வதேசத் தரத்தில் அனுமதிக்கப்பட்ட விலகல் 0.4 மி.மீ.யோடு தடிமனில் பத்தில் ஒரு பங்கு. அதாவது 3 மி.மீ. என்று வாங்கியது 2.3 முதல் 3.7 வரை எதுவாகவும் இருக்கலாம், விதிமீறல் அல்ல. ஒன்றுக்குள் ஒன்று செருகும் வடிவமைப்பு என்றால் ஷீட் கைக்கு வந்த பிறகு, வெர்னியரில் நாலைந்து இடத்தில் அளந்துவிட்டுப் பள்ளத்தின் அகலத்தைக் கணினியில் போடுங்கள்.

தடிமனுக்கு வருவோம். மெல்லிய ஷீட்டில் விளிம்பு குறுகலாகவும் கூராகவும் எரியும், தடித்ததில் அகலமாகவும் சாந்தமாகவும். 8க்கு 4 அடி முழு ஷீட் 3 மி.மீ.யில் சுமார் 10.6 கிலோ, 10 மி.மீ.யில் 35 கிலோ. ஜன்னலோரம் தொங்கவிடும் சிறு வடிவங்களுக்கு 3 போதும். சுவர் அடுக்குக்கு 5. பீடத்தில் நிமிர்ந்து நிற்க 8 அல்லது 10. 3 மி.மீ. ஷீட்டை அரை மீட்டருக்கு மேல் கிடைமட்டமாகத் தாங்கலின்றி வைத்தால் மெதுவாகத் தொய்ந்து, தொய்ந்தபடியே நின்றுவிடும்.

விளிம்பு: பளபளப்பா, மங்கலா

ஒளிரும் ஷீட்டுக்கு விளிம்பு கண்ணாடிபோல் பளபளக்க வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. கணக்கு வேறு சொல்கிறது. ஆறு பக்கமும் பளபளக்கும் செவ்வகத் துண்டில் 26 சதவீதம் முகங்கள் வழியாகவும், 52 சதவீதம் விளிம்புகள் வழியாகவும் போகும். மீதி 22 சதவீதம் எந்தப் பக்கமும் வெளியேறும் கோணம் கிடைக்காமல் உள்ளேயே சுற்றிச் சுற்றி மடியும். விளிம்பை 220, பிறகு 400 எண் ஈர உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்கினால், சிக்கிய ஒளியும் சிதறி வெளியேறும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கோடு சீராக எரியும். பளபளப்பு விளிம்பு பார்க்கும் கோணத்துக்கேற்ப மின்னி மறையும். அந்த மினுக்கு வேண்டுமென்றால் மட்டும் பளபளப்பை நாடுங்கள்.

நேர்முன்னால் நிற்பவருக்கும் கோடு தெரிய வேண்டுமானால் விளிம்பை 45 டிகிரி சாய்த்து வெட்டச் சொல்லுங்கள். உள்ளே ஓடிவரும் ஒளி சாய்வில் மோதி முகத்தின் பக்கம் திரும்பும். ஷீட்டைச் சுற்றி ஒளிச்சட்டம் போட்டதுபோல் இருக்கும். லேசரால் இது ஆகாது, சுழலும் வெட்டுமுனை உள்ள ரூட்டர் கருவி வேண்டும்.

சைன் போர்டு கடைகளில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு லேசர் காஸ்ட் அக்ரிலிக்கை அருமையாக வெட்டும். காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்தால் விளிம்பு தானே பளபளக்கும். அதிகம் வைத்தால் பனிபடர்ந்ததுபோல் ஆகும். ஆனால் லேசர் சூடு விளிம்பில் அழுத்தத்தை விட்டுவைக்கிறது. பிறகு அதில் ஸ்பிரிட்டோ கிளாஸ் கிளீனரோ பசையோ பட்டால் வெடிப்பு வலை ஓடும், சில வேளை மறுநாள்தான். தவிர்க்க வழி: பாதுகாப்புத் தாளை உரித்துவிட்டு 80 டிகிரி அடுப்பில், மி.மீ. தடிமனை மூன்றால் வகுத்த மணி நேரம், குறைந்தது 2 மணி நேரம் வைத்து, மணிக்கு 15 டிகிரிக்கு மிகாமல் ஆறவிடுங்கள். 10 மி.மீ. ஷீட்டுக்கு மூன்றரை மணி நேரச் சூடும், அதற்குமேல் நான்கு மணி நேர ஆறலும். அடுப்பு இல்லாதவர்கள் லேசர் விளிம்பில் பசையே படாதபடி வடிவமைக்கலாம். நடைமுறையில் அதுவே எளிது. தீச்சுடரால் விளிம்பைப் பளபளப்பாக்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். அழுத்தம் லேசரைவிட மோசம்.

பசையா, போல்ட்டா

நம்மூர் அக்ரிலிக் கடைகளில் குளோரோஃபார்மை சிரிஞ்சில் எடுத்து இணைப்பில் ஓடவிடுவார்கள். வேகமாகப் பிடிக்கும், மலிவு. ஈரக்காற்று அதிகமான நாளில் அது ஆவியாகும் குளிர்ச்சியில் நீர் படிந்து இணைப்பு வெளுத்துப்போகும். சென்னை மழைக்காலத்தில் இது நன்றாகவே தெரியும். கல்லீரலைக் கெடுக்கும் பொருள் அது. மூடிய அறையில் வேண்டவே வேண்டாம்.

தடித்த, குமிழில்லாத இணைப்புக்கு ஒளியில் இறுகும் அக்ரிலிக் பசைகள் உண்டு. ஒளிரும் ஷீட்டில் அவை ஏமாற்றும்: பசை இறுகத் தேவையான புற ஊதாவையும் நீலத்தையும் ஷீட்டே விழுங்கிவிடுகிறது. இரண்டு ஷீட்டுக்கு நடுவில் பசை நாள்கணக்கில் பிசுபிசுப்பாகவே கிடக்கும். இணைப்பின் திறந்த பக்கத்திலிருந்து விளக்கடிக்க முடியாத இடங்களில் இரு பாகம் கலக்கும் பசையை எடுங்கள்.

எங்கள் தேர்வு போல்ட். பசையிட்ட முகத்தில் ஒரு ஷீட்டின் ஒளி அடுத்ததற்குள் புகுந்து நிறங்கள் கலங்கும். போல்ட்டில் அந்தத் தொல்லை இல்லை, ஒரு ஷீட் கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். துளையின் உட்சுவரும் ஒரு விளிம்புதான், எனவே அது ஒளிவளையமாக எரியும். அதை மறைக்க நினைக்காமல் அமைப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள். துளையைப் போல்ட்டைவிடப் பெரிதாகப் போட வேண்டும். ஒரு மீட்டர் அக்ரிலிக் 20 டிகிரி வித்தியாசத்துக்கு 1.4 மி.மீ. நீளும், சுவர் அவ்வளவு நீளாது. இறுக்கிப் பிடித்த துளையிலிருந்துதான் வெடிப்பு தொடங்கும்.

வெளிறல்

ஒளிரும் சாயத்தைக் கொல்வதும் அதற்கு உயிர் தரும் அதே ஒளிதான். நிறமற்ற அக்ரிலிக்குக்கு நிறுவனங்கள் தரும் நீண்ட உத்தரவாதத்தை ஒளிரும் ஷீட்டுக்கும் சேர்த்து எண்ணிக்கொள்ளாதீர்கள். பெரிலீன் வகைச் சிவப்பும் ஆரஞ்சும் ஒப்பளவில் நின்று பிடிக்கும். வேறு சாயங்கள் நேர் வெயிலில் வேகமாக வெளிறும். கடைக்காரருக்கு எந்தச் சாயம் என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மொட்டைமாடி, நேர் வெயில் விழும் பால்கனி இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பிளாக் லைட் சிற்பத்துக்கு ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார் சுவிட்ச் போட்டால், பார்ப்பவர் இல்லாத நேரத்தில் விளக்கும் இல்லை, வெளிறலும் இல்லை.

முதல் துண்டுக்கு ஓர் அளவுப்பட்டியல்

5 மி.மீ. காஸ்ட் ஷீட்டில் 30 செ.மீ. சதுரங்கள் மூன்று: முன்னால் பச்சை, நடுவில் ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. ஒவ்வொன்றும் சுமார் 535 கிராம், மொத்தம் 1.6 கிலோ, சாதாரணச் சுவர்ச் செருகிகள் தாங்கும். மூலையிலிருந்து இருபக்கமும் 25 மி.மீ. தள்ளி நான்கு துளைகள், 6 மி.மீ. நைலான் மரைக்கம்பிக்கு 7.5 மி.மீ. விட்டம். துளையையும் லேசரிலேயே போட்டுவிடுங்கள். இரும்புக்கான துரப்பணம் வெளியேறும் பக்கத்தில் சில்லு பெயர்க்கும். கம்பி 90 மி.மீ. நீளம், ஷீட்டுகளுக்கு இடையே 15 மி.மீ. தெளிந்த குழாய்த் துண்டு, சுவருக்கும் கடைசி ஷீட்டுக்கும் 20 மி.மீ. நட்டை விரல் பலத்துக்கு மேல் முறுக்காதீர்கள். விளிம்புகள் 400 எண் தாளில் முடித்தவை. மேலே 6500 கெல்வின் ஸ்பாட் ஒன்று, 45 டிகிரி சரிவில். துடைக்கத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு. தின்னரும் ஸ்பிரிட்டும் அருகில் வரக்கூடாது.

வெட்டியதில் மிஞ்சும் துண்டுகளை எறியாதீர்கள். ஒவ்வொரு நிறத்திலும் ஒன்றை எடுத்து, பாதியை அலுமினியத் தாளில் சுற்றி, தேதியை எழுதி, சிற்பம் நிற்கப்போகும் இடத்திலேயே ஒரு மாதம் வையுங்கள். தாளைப் பிரிக்கும்போது இரு பாதிகளுக்கும் இடையே கோடு தெரிந்தால், அந்த நிறத்துக்கு அந்த இடம் ஒத்துவரவில்லை.